உன் பெயருக்குக் கீழே என்ன எழுதுவது

அன்புள்ள பூஷணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் நோ. என் தண்ணீர்த் தாங்கிப் பவுசருக்குப் பிரேக் நோ. எனக்கு வாய் நோ. நீ கம்பஸுக்குப் போன நாளிலிருந்து சுருவில் சந்தியில் காண்கிற ஆட்களிடமெல்லாம் உன்னைப் பற்றிக் கதைத்துக் கதைத்து வந்த நோ அது. தண்ணீர் கொண்டுபோகிற இடமெல்லாம், வாளியும் குடமுமாக நிற்கிறவர்களிடம் முதலில் மகளின் கதை, பிறகுதான் தண்ணீர் என்று ஆகிவிட்டது. இறுப்பிட்டியில் ஒரு அக்கா போன கிழமை சொல்லியேவிட்டா: "தம்பி, பைப்பைத் திறந்துபோட்டுக் கதையும். கேட்டுக்கொண்டே பிடிக்கிறம்."

எங்கள் வாசிகசாலை இந்த வருடம் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளைப் பாராட்டி ஒரு மலர் போடுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோரின் வாழ்த்துச் செய்தி கேட்டார்கள். "நாலு வரி காணும் அண்ணை" என்றார் செயலாளர். உன்னை நாலு வரியில் வாழ்த்திவிட எனக்கு வராது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இதை உனக்கே ஒரு கடிதமாக எழுதி அவரிடம் கொடுக்கப்போகிறேன். ஊரும் வாசிக்கட்டும். உறையில் போட்டு ஒட்டி அனுப்பினாலும் எங்கள் ஊர் எப்படியாவது வாசித்துவிடும். அதைவிட அச்சிலேயே கொடுத்துவிடுவது மரியாதை.

உண்மையில் இது நீ கேட்கிற ஒரு கேள்விக்கான பதில். ஒவ்வொரு பின்னேரமும் நீ தொலைபேசி எடுக்கிறாய். அம்மா வாங்கி, சாப்பிட்டாயா, குளிர் எப்படி, காலுக்கு மேசு போட்டாயா என்று கேட்டுவிட்டு என்னிடம் நீட்டிவிடுகிறாள். படிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு நீ குரலைத் தாழ்த்தி, "அப்பா, அம்மாக்கு இன்னும் என்னிலை கோவமோ?" என்று கேட்கிறாய். அம்மா பக்கத்துக் கதிரையிலேயே இருக்கிறாள். நான் என்ன சொல்வது? "ஓம் ஓம், இஞ்சை நல்ல வெய்யில்" என்று எதையாவது சொல்லிவைக்கிறேன். அப்பாவுக்குக் காதும் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். காது நன்றாகவே இருக்கிறது, பூசணி. பதில்தான் இதுவரை என்னிடம் இருக்கவில்லை.

நயினை அம்மனின் பெயரை உனக்கு வைத்துவிட்டு, குண்டுக் குழந்தையாக இருந்தாய் என்பதற்காகப் பூசணி என்று கூப்பிடத் தொடங்கியவன் நான். அம்மன் கோபிக்கவில்லை. அம்மாதான் கோபித்தாள். அந்தப் பெயரை இப்போது அச்சிலும் போட்டுவிட்டேன், நீயும் கோபித்துக்கொள்.

உன் படிப்பு எங்கே தொடங்கியது என்று அங்கே யாராவது கேட்டால் பள்ளிக்கூடத்தைச் சொல்லாதே. எங்கள் ஒழுங்கையைச் சொல். நீ ஒன்பதாம் வகுப்புப் படித்த காலம். வெளிநாட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்து, நெடுங்காலம் பூட்டிக் கிடந்த தங்கள் வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தது. நல்ல மனிதர்கள். கோடையில் கிணற்றில் தண்ணீர் போதவில்லை என்று மெசினைக் கொண்டுவந்து கிணற்றின் அடியைத் துளைத்து ஆழமாக்கினார்கள். அவர்கள் இருந்த நாட்டில் தண்ணீர் காணாவிட்டால் ஆழமாகத் தோண்டுவார்களாம். தீவில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஏன் செய்வதில்லை என்று கேட்டால் எங்களுக்கும் சொல்லத் தெரியாது, செய்வதில்லை, அவ்வளவுதான். முதல் கிழமை தண்ணீர் பொங்கியது. ஒழுங்கை முழுவதும் போய் அள்ளினோம், நானும் அள்ளினேன். அதற்குப் பிறகு அடியிலிருந்து உப்பு ஏறி அந்தக் கிணறு சவர் ஆனது. அடுத்த கோடைக்குள் பக்கத்துக் கிணறுகளும் சவர், எங்களுடையதும் சவர். பிறந்தது முதல் குடித்த தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கவும் முடியாமல் போனது.

எல்லோரும் அந்தக் குடும்பத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது நீ ஒரு யோகட் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனாய். ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்து, சவரான கிணற்றுக் கட்டில் சிவப்புச் சோக்கால் கோடு போட்டாய். நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குக் கோடு இல்லை. பின்னேரம் எங்கள் வீட்டுப் படலை வாசலில் ஒரு கூட்டமே நின்றது. "கிணத்திலை சிவப்புக் கோடு போட்டா எங்கட பெட்டையைக் கேட்டு ஆர் வருவினம்?" என்று ஒருவர் சத்தம் போட்டார். அது நியாயமான கேள்விதான். இங்கே பொருத்தம் பார்க்க வருகிறவர்கள் சாதகத்துக்கு முன் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். நான் ஒரு ஈரத் துணியுடன் போய் ஒவ்வொரு கோடாக அழித்தேன். நீ பின்னாலேயே வந்தாய். அழவில்லை. "கோட்டை அழிச்சா சவர் போயிடுமே அப்பா?" என்று மட்டும் கேட்டாய். நான் துணியைப் பிழிந்துகொண்டு அடுத்த கிணற்றுக்குப் போனேன். ஆனால் அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம், "இவள் சும்மா ஆள் இல்லை" என்று சொன்னேன். அம்மாவும் சிரித்தாள். அவள் மனதில் அப்போதே ஒரு டொக்டரின் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஒரு குழாயும் வந்துவிட்டன.

உயர்தர முடிவு வந்த நாளை ஊரே அறியும். வெட்டுப்புள்ளியைத் தாண்டி மருத்துவத்துக்கே காணும் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. வந்தவர்கள் எல்லோரும் தங்கள் நாரி நோவையும் பிரஷரையும் உன்னிடம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நீ சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். எல்லோரும் போன பிறகு குசினி மேசையில் பழைய கலண்டர்த் தாளைத் திருப்பிப் போட்டு, வலப்பக்க ஓரத்திலிருந்து எழுதத் தொடங்கினாய். நான் தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தேன். வலப்பக்கத்தில் ஒரேயொரு கேள்வி: "எங்கட கிணறு திரும்பவும் நல்ல தண்ணியாகுமோ?" அதற்கு இடப்பக்கத்தில் நாலாம் வருடம், எங்கள் தீவின் தண்ணீரைப் பற்றிய ஆய்வு. அதற்கும் இடப்பக்கம் மூன்றாம் வருடம்: நிலத்தடி நீர், வானத்திலிருந்து எடுக்கிற படத்தை வைத்து நிலத்தைப் படிப்பது, சனங்களோடு இருந்து கதைத்து ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்பது. பிறகு இரண்டாம் வருடம்: பாறை, மண், மழை, கடல். கடைசியாக முதலாம் வருடம். எல்லாவற்றுக்கும் மேலே, மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருக்கிற ஒரு படிப்பின் முழுப்பெயர்.

"ஏன் பிள்ளை முடிவிலையிருந்து எழுதுறாய்?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குப் போறதெண்டா முதல் கிணறு எங்கை இருக்கெண்டு தெரியோணுமெல்லோ அப்பா? பிறகுதானே எந்த ஒழுங்கையாலை போறதெண்டு பாக்கலாம்."

ஊரில் எல்லாப் பிள்ளைகளும் படிப்பைத் தேர்ந்தெடுப்பது புள்ளியைப் பார்த்து. இந்தப் புள்ளிக்கு இது கிடைக்கும், அதற்குக் கீழே அது என்று. நீ ஒரு கேள்வியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாய். அன்று நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று உனக்குச் சொல்லவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு வெளியே போய், தேவையில்லாமல் பவுசரின் ரயரை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நாங்கள் இருவரும் மலைநாட்டுக்குப் போய் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வந்தோம். "பாத்திட்டு வாங்கோ" என்று அம்மாதான் அனுப்பினாள், பார்த்தால் உனக்கு ஆசை விட்டுப்போகும் என்று நினைத்து. அங்கே நடந்ததை நீ எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்கிறாய். அச்சில் வருவதால் நானே சரியாகச் சொல்லிவிடுகிறேன். கன்ரீனில் தேத்தண்ணி வாங்கினேன். வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. ஊற்றித் தந்தவரிடம், "தம்பி, உங்கட தண்ணியிலை ஏதோ பிழை இருக்கு" என்றேன். அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த ஒரு அம்மா விழுந்து விழுந்து சிரித்தா.

"ஐயா தீவுப் பக்கமோ?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"என்ர அவர் ஊர்காவற்றுறை. கலியாணம் கட்டி வந்த புதுசிலை இதே முறைப்பாடுதான். தண்ணியிலை பிழை இல்லை ஐயா. உங்கட நாக்குச் சவருக்குப் பழகிட்டுது."

ஊர் ஊராக நல்ல தண்ணீர் ஓட்டிக்கொண்டு திரிகிற எனக்கு, நல்ல தண்ணீரின் ருசி தெரியவில்லை. பவுசர்த் தண்ணீர் வருகிற இடமும் தீவுதானே. நீ மேசையில் தலையை வைத்துச் சிரித்தாய். அந்த அம்மா அங்கேயே விரிவுரையாளர் என்பது பிறகுதான் தெரிந்தது. நீ கூச்சப்படாமல் பையிலிருந்து கலண்டர்த் தாளை எடுத்து விரித்தாய். அவ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தா.

"வடிவா இருக்கு. ஆனா கணக்கு எங்கை?"

"நான் உயிரியல் பிரிவு, மிஸ்" என்று இழுத்தாய்.

"மழையிலை எவ்வளவு கீழை போகுது, எவ்வளவு கடலுக்குப் போகுது, எவ்வளவு அள்ளலாம், இது முழுக்கக் கணக்குத்தான் பிள்ளை. பாறையை மட்டும் படிச்சா ஊருக்குத் திரும்பிப் போய்க் கதை சொல்லலாம். அவ்வளவுதான்."

திரும்பி வரும்போது ரயிலில் நீ தாளை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாய். கணக்கு என்றால் சின்ன வயதிலிருந்தே உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். பிறகு பேனையை எடுத்தாய். முதலாம் வருடத்தில் கணக்கைச் செருகினாய். அதற்கு இடம் வேண்டுமே. பவளப்பாறைகளைப் பற்றிய பாடத்தை வெட்டினாய். அந்தப் பாடத்துக்குத்தான் நீ சின்னச் சின்ன மீன்கள் வரைந்து வைத்திருந்தாய். வெட்டும்போது கண் கலங்கியது, நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை முடிவைவிட எனக்குப் பெரிய பெருமை அந்த ஒரு கோடுதான் என்று இந்த மலரை வாசிக்கிற மற்றப் பெற்றோருக்கும் சொல்லிவைக்கிறேன்.

இனி அம்மாவின் கதை. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதுங்கோ, ஆனா கூட்டி எழுதாதேங்கோ" என்றாள். ஆகவே கூட்டாமல் எழுதுகிறேன்.

அம்மா பிறந்து வளர்ந்தது நெடுந்தீவில். அவளுடைய சின்ன வயதில் விடிந்ததும் பெட்டைகளின் முதல் வேலை தண்ணிக்குப் போவது. நல்ல தண்ணீர்க் கிணறு தூரம். போனாலும் உடனே அள்ள முடியாது. முன்னால் வந்தவர்கள் அள்ளி முடித்தபின் "கிணறு ஊறட்டும்" என்று குந்தியிருக்க வேண்டும். ஊறி, அள்ளி, இடுப்பில் குடத்தோடு திரும்பும்போது பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்திருக்கும். எட்டாம் வகுப்போடு அவளுடைய படிப்பு நின்றதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. தண்ணிக்குப் போனாள், அவ்வளவுதான். அவளுக்கு ஒரு தம்பி. உனக்கு மாமா முறை. ஆனால் ஏழு வயதுக்கு மேல் அவன் வளரவில்லை. ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு வயிற்றோட்டம் வந்தது. தீவில் வைத்தியர் இல்லை. கடல் கொந்தளிப்பு, படகு ஓடவில்லை. படகு ஓடியபோது அவன் இல்லை. அந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரேயொரு ஆசை: தன் வீட்டில் ஒரு டொக்டர். அது பெருமைக்கு வந்த ஆசை இல்லை என்பதை ஊரும் அறியட்டும்.

விண்ணப்பத்தில் எந்தப் படிப்பை முதலாவதாகப் போடுவது என்ற கதை வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"டொக்டருக்குக் கிடைக்குது. அதை விட்டிட்டு மண்ணைக் கிண்டப் போறியோ?"

"அம்மா, மாமாக்கு என்ன வருத்தம் வந்தது?"

"தெரியாத மாதிரிக் கேக்கிறாய். வயித்தோட்டம். அண்டைக்கு ஒரு டொக்டர் இருந்திருந்தா..."

"டொக்டருக்கு முதல் நல்ல தண்ணி இருந்திருந்தா அவருக்கு அந்த வருத்தமே வந்திராதம்மா."

துருவுகிற சத்தம் நின்றது.

"அந்தத் தண்ணியை அள்ளிக்கொண்டு வந்தது நான்தான்" என்றாள் அம்மா.

நீ ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தாய், மன்னிப்புக் கேட்டாய். அவள் உன் தலையைத் தடவினாள், தேங்காய்ப் பூ உன் தலைமயிரில் ஒட்டியிருந்தது. "உனக்கு விருப்பமானதை முதலாவதாப் போடு" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் எடுக்கவே இல்லை. சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. நீ என்னிடம் வந்து அழுதபோது, "அம்மாவைக் கொஞ்சம் ஊற விடு" என்றேன்.

நீ சொன்னது சரி, பூசணி. அதைச் சொன்ன இடம்தான் பிழை. நாலு வருடத்தில் நீ நிறையச் சரியான விஷயங்களைப் படிப்பாய். அவற்றைக் கொண்டுவந்து ஒரு ஊரின் முன் வைக்கும்போது, அந்தக் கிணற்றில் யார் அள்ளினார்கள், யார் குடித்தார்கள் என்று முதலில் கேள். சிவப்புக் கோடு போடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போடுமுன் படலையைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போடு. உன் பாடத்தின் பெயரில் நிலைபேறு என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்று நான் உன்னிடம் கேட்டபோது ஒரு பக்கம் விளக்கம் சொன்னாய். அம்மாவின் "கிணறு ஊறட்டும்" என்பதும் அதுதானே என்று எனக்குப் பட்டது. உங்கள் விரிவுரையாளரிடம் கேட்டுப் பார். பிழையென்றால் என் பெயரைச் சொல்லாதே.

அறிவுரை என்று தொடங்கிவிட்டேன், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்களம் படி. தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கிற அறைகளில் அந்த மொழியும் இருக்கும், நீ யாரையாவது மொழிபெயர்க்கக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. கணக்கு விளங்காவிட்டால் அன்றைக்கே கேள்; இரண்டு நாள் போனால் வெட்கம் வந்துவிடும். மலைக்குப் போய்ப் பாறை பார்க்கும்போது அட்டை கடிக்கும், தீவுப் பிள்ளைக்கு அது புதுசு, கத்தி எங்கள் மானத்தை வாங்காதே. திட்டத்தை எழுதிய தாளைச் சுவரில் ஒட்டிவை, ஆனால் அதைக் கும்பிடாதே. இரண்டாம் வருடத்தில் வேறொரு கேள்வி உன்னைப் பிடித்தால் அதன் பின்னால் போ. முக்கியமாக ஒன்று: திரும்பி வருவேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணாதே. இந்தத் தீவிலிருந்து போனவர்கள் எல்லோரும் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் போனார்கள். நீ எங்கே தேவைப்படுகிறாயோ அங்கே இரு. இங்கே தேவைப்பட்டு, நீ வந்து, எங்கள் கிணறுகள் எல்லாம் திரும்ப நல்ல தண்ணீராகிவிட்டால் என் பவுசருக்கு வேலை இருக்காது. அப்படி என் வேலை போனால், நான்தான் சந்தியில் வெடி கொளுத்துவேன்.

இப்போது அந்தப் பதாகைக் கதை. நீ போவதற்கு முதல் கிழமை வாசிகசாலை சந்தியில் கட்டிய பதாகையில், உன் படத்துக்கும் பெயருக்கும் கீழே "மருத்துவ பீடம்" என்று அச்சடித்துவிட்டார்கள். "உந்த ரிசல்ற்ஸுக்கு வேறை என்னத்தைப் போடுறது அண்ணை, கேக்காமலே போட்டிட்டம்" என்று செயலாளர் தலையைச் சொறிந்தார். நீ போய்ச் சொன்னதும் ஒரு கடதாசித் துண்டை ஒட்டினார்கள். உன் படிப்பின் பெயர் நீளம், துண்டு கட்டை. "புவி விஞ். சூழ. நிலை." என்று சுருக்கிப் போட்டார்கள். வாசித்தவர்கள் அது என்ன வருத்தம் என்று என்னிடம் கேட்டார்கள். சோளகக் காற்று இரண்டு நாளில் துண்டைப் பிய்த்துக்கொண்டு போனது. திரும்ப ஒட்டினார்கள், திரும்பப் பிய்ந்தது. நீ பெட்டியோடு பஸ் ஏறிய அன்று மருத்துவ பீடம்தான் தெரிந்துகொண்டிருந்தது. நீ அதைப் பார்த்தாய், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாய். அம்மா உன் துவாய் காய்ந்ததா என்று கேட்டாள்.

நீ போன பிறகு கோயிலில், கடையில், "டொக்டரின்ர அம்மா" என்று யாராவது கூப்பிட்டால் அவள் திருத்தவில்லை. நான் கவனித்தேன். அதனால்தான் உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

முந்தாநாள் அம்மா காலையிலிருந்தே தையல் மெசினில் இருந்தாள். யாருடையதோ சட்டை என்று நினைத்தேன். நான் இறுப்பிட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகப் பவுசரை ஸ்ராட் பண்ண, பையோடு வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, நானும் வாறன்."

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் என் பவுசரில் ஏறியதில்லை. முழங்கால் நோவோடு எப்படியோ ஏறி இருந்துகொண்டாள். சந்தி வந்ததும், "நிப்பாட்டுங்கோ" என்றாள். பைக்குள்ளிருந்து ஒரு நீள வெள்ளைச் சீலைத் துண்டை எடுத்து விரித்தாள். நீலத் துணியில் ஒவ்வொரு எழுத்தாக வெட்டித் தைத்திருந்தாள். புவி விஞ்ஞானமும் சூழல் நிலைபேறும். ஒரு எழுத்துச் சுருக்கவில்லை, ஒரு பிழை இல்லை. நீ விட்டுப்போன கலண்டர்த் தாளின் நகலைப் பார்த்து எழுத்துக் கூட்டியிருக்கிறாள். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த "ஞ்ஞா" எவ்வளவு வேலை வைத்திருக்கும் என்று பார்த்தவுடன் விளங்கியது. தாங்கிக்கு மேல் ஏறினேன். அவள் கீழே நின்று, "வலப்பக்கம் தூக்குங்கோ. இன்னும். 'பேறும்' மடங்குது, இழுத்துக் கட்டுங்கோ" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். துண்டு பதாகையைவிட நீளம். இரண்டு பக்கமும் வெளியே வந்து காற்றில் ஆடியது. அதற்குப் பின்னால் மருத்துவ பீடம் முழுதாக மறைந்துவிட்டது.

அந்த நேரம் நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு பெண், அம்மாவோடு சின்ன வயதில் திரிந்தவ, பஸ்ஸுக்கு நின்றவ, கிட்ட வந்தா.

"என்ன அக்கா, மகள் டொக்டருக்கெண்டெல்லோ சொன்னவை?"

அம்மா அண்ணாந்து உன் பெயரைப் பார்த்தாள். கண்ணைத் துடைக்காமலே சிரித்தாள்.

"இல்லையடி. என்ர மகள் தண்ணிக்குப் போயிருக்கிறா."

அந்தப் பெண்ணுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. பிறகு, அந்தக் காலத்தில் குடத்தோடு போகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்பதைப் போலவே கேட்டா.

"தூரமோ?"

"ஓம்" என்றாள் அம்மா. "நாலு வருசத் தூரம்."

இன்று பின்னேரம் தொலைபேசி எடுக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்காதே, பிள்ளை. கணக்குப் பாடம் எப்படிப் போகிறதென்று அம்மாவிடம் சொல். அவள் கேட்பாள்.

உன்னைப் பெற்றதில் தலை நிமிர்ந்து நிற்கும்,
அப்பா